வாக்குச்சாவடிக்குள் நுழையும் உரிமை: அமெரிக்கத் தேர்தல்களில் மத்திய அரசுப் பார்வையாளர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மத்திய அரசு அல்ல. மாநிலங்களும், அவற்றின் கீழுள்ள கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு), நகர நிர்வாகங்களும்தான் நடத்துகின்றன. வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடி, வாக்குப் பெட்டி எல்லாம் உள்ளூர் அதிகாரிகளின் கையில்தான். அந்த அதிகாரிகளே ஒரு சாராரை வாக்களிக்க விடாமல் துரத்தியபோது, வாஷிங்டனிலிருந்து சாட்சிகளை அனுப்ப 1965இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சாட்சிகளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

இந்தப் பார்வையாளர்கள் யார்? கட்சிக்காரர்களா, தன்னார்வலர்களா?

இரண்டும் இல்லை. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி நியமிக்கப்படும் மத்திய அரசு ஆட்கள் இவர்கள். எந்த ஊருக்குப் பார்வையாளர் தேவை என்பதை 2013 வரை நீதித் துறை (மத்திய அரசின் வழக்குகளை நடத்தும் துறை, நீதிமன்றங்கள் அல்ல) முடிவு செய்தது. ஆட்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து அனுப்புவது முன்பு சிவில் சர்வீஸ் ஆணையத்தின் வேலையாக இருந்தது. 1979 முதல் அது பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் பொறுப்பு. வேறு துறைகளில் வேலை பார்க்கும் சாதாரண அரசு ஊழியர்கள்தான் தேர்தல் நாளுக்காகச் சில நாட்கள் இந்தப் பணிக்கு வருவார்கள்.

சட்டம் அவர்களுக்கு இரண்டே இரண்டு உரிமைகளைக் கொடுத்தது. வாக்குப்பதிவு நடக்கும் இடத்துக்குள் சென்று, வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் வாக்களிக்க அனுமதிக்கப்படுகிறார்களா என்று பார்க்கலாம். வாக்கு எண்ணும் இடத்துக்குள் சென்று, அந்த வாக்குகள் ஒழுங்காக எண்ணப்படுகின்றனவா என்று பார்க்கலாம். இதற்கு உள்ளூர் அதிகாரியின் சம்மதம் தேவையில்லை. மற்ற எந்தக் கண்காணிப்பாளரிடமும் இல்லாத பலம் அதுதான்.

கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை அதற்கு முன்பே இருந்ததே?

இருந்தது. அரசியல் சாசனத்தின் 15ஆவது திருத்தம் நிறைவேறியது 1870இல். இனத்தைக் காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. தென் மாநிலங்களில் அது ஏறக்குறைய 95 ஆண்டுகள் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

அலபாமாவில் டாலஸ் கவுன்டியின் தலைநகரான செல்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் அலுவலகம் அங்கே மாதத்தில் இரண்டு நாட்கள்தான் திறந்திருக்கும். வரிசையில் நின்று உள்ளே போனால் எழுத்தறிவுத் தேர்வு. அரசியல் சாசனத்திலிருந்து கேள்விகள். பதில் சரியா தவறா என்று முடிவு செய்வது பதிவாளர் ஒருவரே. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர் ‘இவர் நல்லவர்’ என்று சாட்சி சொல்ல வேண்டும் என்ற விதியும் இருந்தது. பட்டியலில் கறுப்பினத்தவரே அரிது என்கிறபோது யார் வந்து சாட்சி சொல்வார்கள்? 1965 தொடக்கத்தில் அந்தக் கவுன்டியில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 300 பேர். பக்கத்து லவுண்டஸ் கவுன்டியில் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். அந்த ஆண்டு பிறந்தபோது அவர்களில் ஒருவர் பெயர்கூடப் பட்டியலில் இல்லை.

1965 மார்ச் 7 அன்று, இதைக் கண்டித்துச் செல்மாவிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தருகே மாநிலக் காவலர்களும், கவுன்டிக் காவல் தலைவரான ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்களும் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினார்கள். முன்வரிசையில் நடந்த ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பெயர் சேர்த்துவிட்டால் போதாதா? பார்வையாளர் எதற்கு?

முதலில் பெயர் சேர்ப்பதுதான் நடந்தது. அதற்கென ‘பரிசோதகர்கள்’ என்ற வேறு அதிகாரிகளை அதே சட்டம் உருவாக்கியது. கையெழுத்தான நான்காம் நாளே, ஆகஸ்ட் 10 அன்று, அவர்கள் ஒன்பது கவுன்டிகளில் பதிவைத் தொடங்கிவிட்டார்கள். மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். 1967க்குள் அது 59.8 சதவீதமானது. ஒரு நூற்றாண்டாக ‘இவர்களுக்கு அக்கறையில்லை’ என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்த ஓர் எண்ணே பதில்.

ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, போட்ட வாக்கு எண்ணப்படுவது வேறு. இதைக் காட்டும் நிகழ்ச்சி மறு ஆண்டே, அதே டாலஸ் கவுன்டியில் நடந்தது. 1966 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் உள்கட்சித் தேர்தல்; கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. அன்றைய அலபாமாவில் அதில் வென்றவர் பெரும்பாலும் பதவியையே வென்றவர். ஷெரீஃப் பதவிக்கு ஜிம் கிளார்க் மறுபடி நின்றார். எதிரே, செல்மா நகரப் பாதுகாப்பு இயக்குநராக இருந்த வில்சன் பேக்கர். புதிதாகப் பெயர் சேர்த்த கறுப்பின வாக்காளர்கள் பெருந்திரளாக வந்து பேக்கருக்கு வாக்களித்தார்கள். எண்ணும் நேரத்தில், கறுப்பினத்தவர் அதிகம் வாக்களித்த ஆறு பெட்டிகளில் முறைகேடு என்று சொல்லிக் கட்சியின் கவுன்டிக் குழு அவற்றை ஒதுக்கிவைத்தது. அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் பேக்கருக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்காது. மறு வாக்குப்பதிவுச் சுற்றுக்குப் போக வேண்டும். மத்திய அரசு நீதிமன்றம் சென்றது. ஆறு பெட்டிகளையும் எண்ண வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். கிளார்க் தோற்றார்.

பாலத்தருகே தன் ஆட்களை ஏவியவரைப் பதவியிலிருந்து இறக்கியது வாக்குச்சீட்டு. நீதிமன்றம் தலையிடாவிட்டால் அந்தச் சீட்டுகளும் ஆறு பெட்டிகளுக்குள் பூட்டியே கிடந்திருக்கும். எண்ணும் இடம்வரை பார்வையாளர் போகலாம் என்று சட்டத்தில் எழுதியவர்கள் இந்த ஊர்களை நன்றாக அறிந்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாக்குச்சாவடியில் ஒரு பார்வையாளர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்?

பார்க்கிறார், எழுதுகிறார். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். எதைப் பார்க்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாவடி திறக்க வேண்டிய நேரத்துக்குத் திறந்ததா? பட்டியலில் பெயர் கிடைக்காத வெள்ளையரிடம் ‘சற்றுப் பொறுங்கள், தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கிறேன்’ என்று சொல்லும் ஊழியர், அதே நிலையில் வரும் கறுப்பினத்தவரிடம் ‘உங்கள் பெயர் இல்லை, போகலாம்’ என்று சொல்கிறாரா? அடையாள அட்டை எல்லாரிடமும் கேட்கப்படுகிறதா, சிலரிடம் மட்டுமா? உதவி கேட்ட முதியவருடன் மறைப்புக்குள் சென்ற ஊழியர், அவர் சொன்ன பெயருக்கு நேரேதான் குறியிட்டாரா? இந்தக் கடைசிச் சங்கதியை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் பார்வையாளர் அந்த வாக்காளரின் சம்மதத்தைப் பெற வேண்டும். வாக்கின் இரகசியம் அவருடையது.

அவர் வாக்காளருக்கு வழிகாட்டக் கூடாது. ஊழியரைத் திருத்தக் கூடாது. வாக்குவாதத்தில் தலையிடக் கூடாது. நடந்ததை நேரத்தோடு, யார் என்ன சொன்னார் என்பதோடு குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தகவல் அவருடைய குழுத் தலைவருக்குப் போகும். அங்கிருந்து, அந்த வட்டாரத்தில் முகாமிட்டிருக்கும் நீதித் துறை வழக்கறிஞருக்குப் போகும்.

தடுக்கும் அதிகாரமே இல்லையென்றால் என்ன பயன்?

இரண்டு பயன்கள். ஒன்று உடனடியானது. தகவல் கிடைத்த வழக்கறிஞர் கவுன்டித் தேர்தல் அதிகாரியைக் கூப்பிட்டு, ‘இன்ன சாவடியில் இன்னது நடக்கிறது, சரிசெய்யுங்கள்’ என்று சொல்வார். பல சிக்கல்கள் வாக்குப்பதிவு முடிவதற்குள்ளேயே தீர்ந்தது இப்படித்தான். தவறு செய்யத் துணிகிறவருக்கும், எதிரே உட்கார்ந்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால் கை தயங்கும்.

மற்றது நீண்ட காலப் பயன். மிரட்டப்பட்ட வாக்காளர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்வது லேசான காரியமல்ல. லவுண்டஸ் கவுன்டியில் பெயர் சேர்த்த குற்றத்துக்காக நிலவுடைமையாளர்களால் வெளியேற்றப்பட்ட குத்தகைக் குடும்பங்கள் 1965 டிசம்பரிலிருந்து கூடாரங்களில் வாழ நேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில், ‘நான் பார்த்தேன், இந்த நேரத்தில் பார்த்தேன்’ என்று சொல்ல, உள்ளூர் முதலாளியிடம் கைகட்டி நிற்க வேண்டிய அவசியமில்லாத ஓர் அரசு ஊழியர் இருப்பது பெரிய பலம். அவர் எழுதிய தாள் வழக்கில் ஆதாரமாகும். தடுக்கும் அதிகாரத்தைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இது கறுப்பினத்தவருக்கான ஏற்பாடு மட்டும்தானா?

தொடக்கத்தில் அப்படித்தான். பார்வையாளர்கள் மிக அதிகமாகச் சென்ற மாநிலமும் மிசிசிப்பியே. 1975இல் சட்டம் விரிவாக்கப்பட்டு, மொழிச் சிறுபான்மையினரும் அதன் பாதுகாப்புக்குள் வந்தார்கள்: ஸ்பானிய வழியினர், ஆசிய வம்சாவளியினர், அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்காவின் பூர்வகுடிகள். ஓர் ஊரில் இவர்களில் ஒரு பிரிவினர் போதிய எண்ணிக்கையில் இருந்து, ஆங்கிலம் போதிய அளவு தெரியாதவர்களாகவும் இருந்தால், வாக்குச்சீட்டும் அறிவிப்பும் உதவியும் அவர்கள் மொழியில் கிடைக்க வேண்டும். அதனால் நவஹோ மொழி தெரிந்த பார்வையாளர்கள் அரிசோனாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் சென்றார்கள். மொழிபெயர்ப்பாளர் என்று உட்கார வைக்கப்பட்டவர், வாக்குச்சீட்டில் மக்களின் நேரடி முடிவுக்கு விடப்படும் முன்மொழிவுகளை உண்மையில் விளக்குகிறாரா, தலையை மட்டும் ஆட்டுகிறாரா என்பது அந்த மொழி தெரிந்தவருக்குத்தானே புரியும்?

தென் மாநிலங்களைத் தாண்டியும் கதைகள் உண்டு. பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுன்டியின் ரெடிங் நகரத்தில், ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் தங்களுக்குப் புரியவில்லை என்று சொல்லி வாக்குச்சாவடி ஊழியர்கள் வாக்காளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இவர்கள் எதற்கு இரண்டு குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள், ஒன்றே போதாதா என்று மற்றவர்கள் காதுபடவே பேசினார்கள். 2003இல் மத்திய நீதிமன்றம் இதையெல்லாம் பதிவு செய்து கவுன்டிக்கு எதிராக உத்தரவிட்டது. தகப்பனார் பெயரையோ ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிட்டு, ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்லும் தமிழர்களுக்கு அந்த வாக்காளர்களின் நிலை நன்றாகவே விளங்கும்.

2005இல் பாஸ்டன் நகரத்தின் மீது நீதித் துறை தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது: ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஸ்பானிய, ஆசிய வாக்காளர்களின் விருப்பத்தை ஊழியர்கள் புறக்கணித்தார்கள், வற்புறுத்தினார்கள் என்பது அது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பார்வையாளர்கள் வருவதற்கும் அந்த உடன்பாடு வழிசெய்தது.

மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராம்க் நகரில் 1999 நவம்பரில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே அரபு நாடுகளிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து குடியுரிமை பெற்ற பலர் வாழ்கிறார்கள். தேர்தல் அன்று, உள்ளூர்க் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் சாவடிகளில் நின்றுகொண்டு, தோல் கறுத்தவர்களையும் அரபுப் பெயர் கொண்டவர்களையும் பார்த்து ‘இவர் குடிமகன்தானா?’ என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். ஆட்சேபத்துக்கு அடிப்படை உண்டா என்று அதிகாரிகள் விசாரிக்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை, ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்று எல்லார் முன்னிலையிலும் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. வாக்களிக்காமலேயே வீடு திரும்பியவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு நீதித் துறையுடன் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அந்த நகரத் தேர்தல்களுக்கு மத்திய அரசுப் பார்வையாளர்கள் வந்தார்கள்.

அலாஸ்கா வழக்கும் முக்கியமானது. ஆங்கிலம் அறிந்த வாக்காளர்களுக்கு வேட்பாளர்களையும் முன்மொழிவுகளையும் விளக்கும் தடித்த கையேடு வீட்டுக்கே போனது. யூப்பிக் போன்ற மொழி பேசும் கிராமங்களுக்குப் பெரும்பாலும் தேர்தல் தேதியும் நேரமும்தான் சொல்லப்பட்டன. இது சட்டமீறல் என்று 2014இல் மத்திய நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு ஏற்பட்ட உடன்பாடு, பார்வையாளர்களை அந்தக் கிராமங்களுக்கு அனுப்ப அனுமதித்தது.

இந்தியத் தேர்தல் ஆணையம் அனுப்பும் பார்வையாளர்களைப் போன்றவர்களா?

பெயர்தான் ஒன்று. இந்தியாவில் தேர்தலை நடத்தும் ஆணையமே தன் பார்வையாளர்களை அனுப்புகிறது. வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டது போன்ற சூழலில் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தும்படி தேர்தல் அதிகாரிக்கு ஆணையிடும் அதிகாரமும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20பி பிரிவின்படி, அவர்களுக்கு உண்டு. அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவரை அனுப்பும் அரசும் தேர்தலை நடத்தும் அரசும் வேறு வேறு.

2013இல் என்ன மாறியது?

எல்லா ஊர்களுக்கும் பார்வையாளர் போக முடியாது. எங்கெங்கே போகலாம் என்பதற்குச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு கணக்கு இருந்தது. எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகள் இருந்து, பாதிக்கும் குறைவானவர்களே பதிவு செய்த அல்லது வாக்களித்த இடங்கள் அதில் வந்தன. அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சஸ் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்கள் முழுமையாகவும், வேறு சில மாநிலங்களின் பகுதிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அலபாமாவின் ஷெல்பி கவுன்டி தொடுத்த வழக்கில், 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. கணக்கு பழையதாகிவிட்டது, நாடு மாறிவிட்டது என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு இதனால் முடங்கியது. அதைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. பார்வையாளர் ஏற்பாடும் கூடவே முடங்கியதைப் பலர் கவனிக்கவில்லை. 8ஆம் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அது எந்த ஊருக்குப் பொருந்தும் என்று சொன்ன பட்டியல் போய்விட்டதால், குறிப்பிட்ட ஊருக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தால் மட்டுமே பார்வையாளரை அனுப்பலாம் என்று நீதித் துறை முடிவுக்கு வந்தது.

நாடு மாறியது உண்மைதான். மாறியதற்கு அந்தச் சாட்சிகளும் ஒரு காரணம் என்பதை அந்தத் தீர்ப்பு போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் ‘நீதித் துறை கண்காணிப்பாளர்களை அனுப்புகிறது’ என்று இன்றும் செய்தி வருகிறதே?

அவர்கள் கண்காணிப்பாளர்கள், 8ஆம் பிரிவுப் பார்வையாளர்கள் அல்லர். நீதித் துறையின் வழக்கறிஞர்களும் ஊழியர்களும் அவர்கள். சாவடிக்குள் நுழையச் சட்டப்படி உரிமை இல்லை. உள்ளூர் அதிகாரி அனுமதித்தால் உண்டு, மறுத்தால் வாசலில்தான் நிற்க வேண்டும். 2012இல் பார்வையாளர்களும் துறை ஊழியர்களுமாக 780க்கும் மேற்பட்டவர்கள் 23 மாநிலங்களுக்குச் சென்றார்கள். 2016இல் சென்றவர்கள் 500க்கு மேல், மாநிலங்கள் 28. மாநிலங்கள் கூடியதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆட்கள் குறைந்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே போகும் உரிமையும் இல்லை.

2024இல் 27 மாநிலங்களில் 86 இடங்களுக்கு ஆட்களை அனுப்புவதாகத் துறை அறிவித்தபோது சில மாநிலங்கள் எதிர்த்தன. மிசௌரி வழக்குத் தொடுத்தது; மத்திய நீதிபதி தடை விதிக்க மறுத்தார். டெக்சஸுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கண்காணிப்பாளர்கள் வெளியிலேயே நின்றார்கள். வெளியே நிற்பவர் வரிசையின் நீளத்தைப் பார்க்கலாம். மேசையருகே ஓர் ஊழியர் ஒரு வாக்காளரிடம் தாழ்ந்த குரலில் என்ன சொல்லித் திருப்பி அனுப்புகிறார் என்பதை அவர் எப்படிக் கேட்பார்?

அரசு ஆள் வந்து நிற்பதே வாக்காளருக்கு அச்சம் தராதா?

தரலாம். நியாயமான கேள்வி. 1981இல் நியூஜெர்சியில் குடியரசுக் கட்சி ‘வாக்குப் பாதுகாப்பு’ என்ற பெயரில், பணியில் இல்லாத காவலர்களைக் கைப்பட்டையோடு சிறுபான்மையினர் வாழும் பகுதிச் சாவடிகளில் நிறுத்தியது. அதை ஒட்டி எழுந்த வழக்கின் உடன்பாடு, கட்சியின் தேசியக் குழுவை 2018 வரை கட்டுப்படுத்தியது. ஆயுதம் தாங்கிய மத்தியப் படையினரை வாக்குச்சாவடிக்கு அனுப்புவதைக் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டமே தடை செய்கிறது. 8ஆம் பிரிவுப் பார்வையாளரிடம் ஆயுதமும் இல்லை, கைது செய்யும் அதிகாரமும் இல்லை.

2025 நவம்பரில் கலிபோர்னியாவின் ஐந்து கவுன்டிகளுக்கும் நியூஜெர்சியின் பஸ்ஸேய்க் கவுன்டிக்கும் நீதித் துறை கண்காணிப்பாளர்களை அனுப்பியது. கேட்டுக்கொண்டது அந்த மாநிலங்களின் குடியரசுக் கட்சி அமைப்புகள். வெளிப்படைத்தன்மைக்காக என்று துறை சொன்னது. வாக்காளரை மிரட்டவே என்று கலிபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம் குற்றம்சாட்டினார். வருகிறவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்று பாருங்கள். ‘தகுதியுள்ளவரை அனுமதிக்கிறார்களா?’ என்பது 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கேள்வி. அது ஊழியரை நோக்கியது. ‘இவருக்குத் தகுதி உண்டா?’ என்பது ஹாம்ட்ராம்க்கில் கேட்கப்பட்ட கேள்வி. அது வாக்காளரை நோக்கியது. இரண்டாவது கேள்வியோடு வருகிறவரை, அவர் யார் அனுப்பி வந்தாலும், சிறுபான்மையினரின் காவலர் என்று என்னால் ஏற்க முடியாது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு இதனால் என்ன?

2011இல் நியூயார்க்கின் குயின்ஸ், சிகாகோ அடங்கிய குக், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று கவுன்டிகளில் இந்திய வம்சாவளியினர் மொழி உதவிக்கு உரியவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். எந்த இந்திய மொழி என்பதை உள்ளூர் நிர்வாகமே முடிவு செய்தது: குயின்ஸில் வங்காளம், குக்கில் இந்தி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெற்றோருக்கு அதனால் பயனில்லை.

அவர்களுக்குக் கைகொடுப்பது வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு. கண் தெரியாதவரோ, உடல் இயலாதவரோ, வாக்குச்சீட்டைப் படிக்க முடியாதவரோ தமக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துச் செல்லலாம். மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். அவரது முதலாளியாகவோ, முதலாளியின் ஆளாகவோ, தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ மட்டும் இருக்கக் கூடாது. இந்த உரிமை நாடு முழுவதற்கும் உண்டு. எந்தப் பட்டியலையும் நம்பியிருக்கவில்லை. ஊழியர் மறுத்தால் சாவடிப் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னால், திரும்பிப் போகாதீர்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மத்தியப் பதவிகளுக்கான தேர்தல்களில் தற்காலிக வாக்குச்சீட்டு கேட்டுப் பெறலாம். தகுதி பின்னர் சரிபார்க்கப்படும்; தகுதி இருந்தால் வாக்கு எண்ணப்படும். சில மாநிலங்களில் மட்டும் நடைமுறை வேறு. நடந்ததைச் சாவடியின் முகவரி, நேரம், ஊழியர் சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு அன்றே எழுதிவைத்து, நீதித் துறையின் குடிமையுரிமைப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். பார்வையாளர் இல்லாத சாவடியில் அந்தக் குறிப்பை எழுத உங்களைத் தவிர வேறு ஆள் இருக்க மாட்டார்.